ஒன்பது மூட்டைக்குப் போட்ட சாம்பிராணி

போன மாசம் ஜெனிஃபர் என்னை ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா. நான் வேலை பாத்த ஏற்றுமதிக் கம்பெனியில இப்ப தரம் பாக்கிற பிரிவுக்கு அவதான் பொறுப்பு. தருவைகுளத்துப் பொண்ணு, பத்து வருஷம் எனக்குக் கீழ இருந்தவ. கடை பாளையங்கோட்டை ரோட்டு மேல புதுசா தொறந்தது. உள்ள போனா தச்சுப் பட்டறையா ஆஸ்பத்திரியான்னு பிடிபடல. கட்டை பெஞ்சு, கண்ணாடிக் குடுவை, குட்டித் தராசு. தாடி வச்ச ஒருத்தன் தோல் உடுப்பு மாட்டிக்கிட்டு சொட்டுச் சொட்டா வெந்நீர் ஊத்துதான். பால் கிடையாதாம். சீனி கேட்டேன். அவன் வீட்டு நகையைக் கேட்ட மாதிரி பாத்தான்.

கோப்பையோட ஒரு அட்டையும் வந்துச்சு. மல்லிகை, பெர்கமாட், வெள்ளைப் பீச்சுன்னு அச்சடிச்சிருக்கு. "தம்பி, பெர்கமாட்டைக் கண்ணால பாத்திருக்கியா?"ன்னு கேட்டேன். "இல்ல அங்கிள், அது ஒரு சிட்ரஸ்"னான். "பீச்சு?"ன்னேன். "படத்துல பாத்திருக்கேன்"னான். தாடியைப் பாத்து ஆளு பெரிய மேதைன்னு நினைச்சேன், கடைசியில அட்டையைப் பாத்து ஒப்பிக்கிற ஆளு. குடிச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. மல்லிகை எல்லாம் அந்த அட்டையோட சரி.

ஜெனிஃபர் என்னை அங்க கூட்டிட்டுப் போனதுக்குக் காரணம் இருந்துச்சு. "சார், புதுசா ஆறு பேரு சேந்திருக்காங்க. பூ வாசக் காப்பியைப் பத்தி நீங்க ஒரு மணி நேரம் வந்து பேசணும். நம்ம கம்பெனியிலயே கெய்ஷாக் காப்பியைக் கையாண்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்"னா. கையாண்ட ஆளுன்னு அவ சொன்னதும் எனக்குக் கோப்பையைக் கீழ வைக்கணும் போல ஆயிட்டு. பேச வரமாட்டேன், எழுதித் தாரேன், நீயே வாசிச்சுக் காட்டுன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா. வாசிச்சா தெரியும்னேன்.

ஆகவே புதுசா வந்திருக்கிற ஆறு பேருக்கும் சொல்லுதேன். நீங்க எல்லாரும் ஏதோ மூணு நாள் கோர்ஸு படிச்சு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்திருக்கிறதா கேள்விப்பட்டேன். கலர் கலரா ஒரு வட்டப்படம் குடுத்திருப்பாங்க, அதுல அம்பது அறுபது வாசனை பேரு இருக்கும். நாக்கு என்ன சொல்லுதுன்னு பாக்காம வட்டத்துல விரலை வச்சுத் தேடுற கூட்டத்தை நானும் நிறையப் பாத்துட்டேன். அதைக் கொஞ்ச நேரம் மடக்கி வைங்க.

என் ஊரு ஏரலுக்குப் பக்கம். தாமிரபரணித் தண்ணியில நெல்லும் வாழையும் போடுற குடும்பம். எங்க வீட்டுல காப்பின்னா கருப்பட்டிக் காப்பிதான், கொட்டையை முழுசா நான் பாத்ததே வேலைக்கு வந்த பிறகுதான். கெமிஸ்ட்ரி படிச்சுட்டு சும்மா சுத்திக்கிட்டு இருந்தவன், கம்பெனியில சாம்பிள் எடுக்கிற வேலைக்குச் சேந்தேன். மலையில இருந்து லாரி லாரியா பச்சைக் கொட்டை வரும். கூர்மையான இரும்புக் குழாயை மூட்டைக்குள்ள குத்தி இழுத்தா ஒரு பிடி கொட்டை வரும். அதுக்குப் பேரு குத்தூசி. நாலு வருஷம் குத்தினேன். உள்ளங்கை காய்ச்சுப் போச்சு. அதுக்கு மேல அந்தக் காலத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.

அஞ்சாவது வருஷம் என்னை மாடியில சுவை பாக்கிற ரூம்புக்கு மாத்துனாங்க. அங்க செய்யது காக்கா இருந்தாரு. காயல்பட்டணத்துக்காரர். வயசுல மூத்தவங்களை அந்த ஊருல காக்கான்னு சொல்லுவாங்க, ஆபீஸே அவரை அப்படித்தான் கூப்பிடும், முதலாளி உட்பட. அவங்க குடும்பத்துத் தொழிலு அத்தர் வியாபாரம். ஆனா மனுஷன் வேலை நாளுல அத்தர் தொடமாட்டாரு. வாசனை சோப்பு கிடையாது, பயத்த மாவு தேச்சுக் குளிச்சுட்டு வருவாரு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் சட்டையில அத்தர் தடவுவாரு. தொழுகை முடிஞ்சு வந்தா அந்த ரூம்பு வாசல்லயே நின்னுக்கிடுவாரு, உள்ள காலு வைக்கமாட்டாரு. "இன்னைக்கு நான் அழுக்கு, நீங்க பாருங்க"ம்பாரு.

மத்தவங்களுக்கும் அதே சட்டம்தான். காலையில வெறும் இட்லி, சீனி தொட்டுக்கிடலாம். சட்னி, சாம்பார், மீன் கொழம்பு எதுவும் ஆகாது. நான் சேந்த ரெண்டாவது நாள் தலையில தேங்காய் எண்ணெய் வச்சுட்டுப் போனேன். மூக்கைச் சுளிக்கக்கூட இல்ல. "தம்பி, வீட்டுக்குப் போயி தலை முழுகிட்டு நாளைக்கு வா"ன்னு மெதுவா சொன்னாரு. கீழ கொட்டை பொறுக்கிற பொம்பளைங்க பூ வைக்காம வரமாட்டாங்க. அதுக்காக வாசல்ல வரிசையா ஆணி அடிச்சு வச்சிருந்தாரு. "ஏளா, பூவை மாட்டிட்டு வா" அப்படின்னா ஒவ்வொருத்தியும் அவங்கவங்க ஆணியில பூவைத் தொங்க விட்டுட்டுத்தான் உள்ள வரணும். பன்னெண்டு சரம் மல்லிகைப்பூ காலையெல்லாம் வெளிய தொங்கிக்கிட்டு கிடக்கும். வெளியூர்க்காரங்க வந்தா இங்க ஏதோ கோயில் இருக்குன்னு நினைச்சுக்கிடுவாங்க.

அவரு கப்பு பாக்கிறதைப் பாக்கணும். லேசா வறுத்து, அன்னைக்கே அரைச்சு, ஒரு சாம்பிளுக்கு அஞ்சு கோப்பை வைப்பாரு. அஞ்சுல ஒண்ணு கெட்டாலும் மூட்டை கெட்டதுதான். முதல்ல காஞ்ச பொடியை மோந்து பாப்பாரு. தண்ணி ஊத்தி நாலு நிமிஷம் தொடாம இருப்பாரு. மேல கட்டியிருக்கிற ஏட்டைக் கரண்டி முதுகால மூணு தடவை தள்ளி, மூக்கைக் கிட்டக் கொண்டு போவாரு. நுரையை வழிச்சுப் போட்டு, சூடு கொஞ்சம் ஆறினதும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சுவாரு. சைக்கிள் டியூபுல காத்து இறங்குற சத்தம் வரும். வாய்க்குள்ள சுத்த விட்டுத் துப்பிருவாரு. ஆறிப் போனதுக்கு அப்புறம் மறுபடியும் ஒரு சுத்து. ஆறின காப்பி பொய் சொல்லாதும்பாரு.

தாளுல எழுத அவருக்கு நாலே வார்த்தைதான். சுத்தம், அழுக்கு, செத்தது, நிக்குது. சுத்தம்னா குறை இல்ல. அழுக்குன்னா வேற வாசம் ஏறியிருக்கு. செத்தது பழைய கொட்டை, வைக்கோல் மாதிரி இருக்கும். துப்பினதுக்கு அப்புறமும் ருசி நாக்குல இருந்து, மாடிப்படி இறங்கி முடிக்கிற வரைக்கும் கூடவே வந்தா அது நிக்குது. இருபத்திரண்டு வருஷம் அவர்கூட இருந்தேன். அஞ்சாவது வார்த்தை ஒண்ணை அவரு எழுதி நான் பாத்தது ஒரே தடவைதான்.

எட்டு வருஷத்துக்கு முந்தி, அவரு ஓய்வு பெறுற வாரத்துல, பழனி மலைப் பக்கத்துல இருந்து தங்கமணின்னு ஒரு அம்மா வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். லாரியில டிரைவர் பக்கத்துல உக்காந்து, மூட்டைகூடவே வந்திருந்தாங்க. மொத்தமே ஒன்பது மூட்டை, ஒவ்வொண்ணும் முப்பது கிலோ. எங்களுக்கு ஒன்பது மூட்டை கீழ சிந்துற கணக்கு. ஒரு வெளிநாட்டுக்காரன் சாம்பிள் பாத்துட்டு, கப்பல்ல அனுப்புங்கன்னு கேட்டிருக்கான், அதனாலதான் எங்க வழியா வந்தாங்க.

அது கெய்ஷாங்கிற ரகம். எத்தியோப்பியாக் காட்டுல இருந்து உலகம் சுத்தி வந்தது. செடி நெடுநெடுன்னு வளரும், கிளை தள்ளித் தள்ளி விடும், இலை ஒல்லியா நீளமா இருக்கும். மத்த செடி காய்க்கிறதுல பாதிகூட காய்க்காது. உயரமான இடம், குளிர், மரநிழல் மூணும் இருந்தாத்தான் அந்தப் பூ வாசம் கொட்டைக்குள்ள இறங்கும். கீழ கொண்டாந்து நட்டா சாதாரணக் காப்பியாத்தான் இருக்கும். இதெல்லாம் உங்க கோர்ஸுல சொல்லியிருப்பாங்க. தங்கமணி அம்மா என்ன செஞ்சாங்கன்னு சொல்லியிருக்கமாட்டாங்க.

பழம் ரத்தச் சிவப்பா ஆனா மட்டும் பறிப்பாங்களாம். ஒரே செடிக்கு ஏழு எட்டுத் தடவை போவாங்களாம். தொட்டித் தண்ணியில போட்டு மிதக்கிறதை அள்ளி வீசிட்டு, அன்னைக்குச் சாயங்காலமே தோல் நீக்கி, கொழகொழப்போட ஒரு ராத்திரி ஒரு பகல் தொட்டியில ஊற வைப்பாங்களாம். மணி பாத்து எடுக்கிறது இல்லியாம். கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேச்சுப் பாக்கணும், வழுக்காம நறநறன்னு கூழாங்கல்லு சத்தம் கேட்டா எடுத்துரணும். மூணு தண்ணியில அலசி, வலை கட்டின கட்டில்ல பரப்பி, உச்சி வெயிலுக்கு மூடி, மணிக்கொரு தடவை கிண்டி விட்டு, பதினெட்டு இருபது நாள் காயப் போடுவாங்களாம். "என் கை வாசம் படக்கூடாதுன்னு அந்த இருபது நாளும் வெங்காயம் உரிக்கமாட்டேங்க சார். சமையலு எங்க வீட்டுக்காரருதான்"னு சொன்னாங்க. செய்யது காக்கா அந்த அம்மாவை நிமிந்து பாத்தாரு.

அவங்க வீட்டுக்காரருக்கு அந்தச் செடி மேல நம்பிக்கை இல்ல. பாதிக் காய்ப்புக்கு எவ்வளவு நாள் பாடுபடுறது, புடுங்கிட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கலாம்னு நின்னிருக்காரு. இந்த வெளிநாட்டுக்காரன் எடுத்து, அடுத்த வருஷமும் கேட்டா செடி இருக்கும். இல்லேன்னா புடுங்கிருவேன்னு சொல்லிட்டாராம். "செடி நிக்கிறது உங்க கையிலதாங்க சார் இருக்கு"ன்னு என்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் காக்கா கப்பு பாத்தாரு. சூட்டுல பாத்தாரு, ஆறிப் பாத்தாரு, பச்சைத் தண்ணியா ஆனதுக்கு அப்புறமும் பாத்தாரு. துப்பல. முழுங்குனாரு. அவரு முழுங்கி நான் பாத்ததே இல்ல. பிறகு தாளை எடுத்து, "பூ. யாரும் கை வைக்காதீங்க" அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு நாள்ல ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாரு. நாற்காலி எனக்கு வந்துச்சு.

நாற்காலி வந்ததும் மண்டைக்கு ஏறிப் போச்சு, அதையும் சொல்லிருதேன். எங்க குடோனைப் பாத்தேன். ஒரு மூலையில மருந்துக்குப் போற நிலாவாரை இலை, இன்னொரு மூலையில வத்தல், துறைமுகத்துல இருந்து உப்புக் காத்து. இந்த ஒன்பது மூட்டை அங்க கிடக்கலாமான்னு பெரிய அக்கறை எனக்கு. முதலாளிகிட்டப் போயி, "உங்க ரூம்புல ஏசி இருக்கு, பூட்டு இருக்கு, அங்கன வச்சிருவோம்"னேன். அவரு வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாரு. "நல்ல யோசனைவே சுடலை. லட்சுமி வந்திருக்கா, நம்ம ரூம்புலயே இருக்கட்டும்"னாரு.

அந்த ரூம்புல கிழக்குச் சுவருல சாமி மாடம். திருச்செந்தூர் முருகன் படம், குத்துவிளக்கு, தூபக்கால். ஒன்பது மூட்டையையும் அந்த மாடத்துக்குக் கீழதான் அடுக்குனேன். ஒவ்வொரு மூட்டைக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். முதலாளி வராத நாளுல விளக்கேத்துற பொறுப்பு என்னுது. காலையும் சாயங்காலமும் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, படத்துக்கு மூணு சுத்து, மூட்டைக்கு மூணு சுத்து. வெள்ளிக்கிழமை கூடுதலா ஒரு கை. சாக்குக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் பை இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. சாம்பிள் எடுக்க நான் அதைப் பிரிச்சேன், திரும்ப இறுக்கிக் கட்டாம முறுக்கி விட்டேன். கப்பல் வர இருபத்தாறு நாள் ஆச்சு. இருபத்தாறு நாளும் ஒரு வேளை விடாம அந்தக் காப்பிக்குச் சாம்பிராணி போட்டேன். பன்னெண்டு பொம்பளைங்க பூவை ஆணியில மாட்டிட்டு வந்த ஆபீஸுல, தலைமைப் பொறுப்புல இருக்கிற மடையன் பண்ணின வேலை இது.

கப்பலேத்துறதுக்கு முந்தி கடைசி சாம்பிள் பாக்கணும். நான்தான் பாத்தேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. எப்படித் தெரியும், அந்த இருபத்தாறு நாளும் நான் அந்த ரூம்புல உக்காந்து சாம்பிராணியைத்தான் மூச்சா விட்டுக்கிட்டு இருந்தேன். சுத்தம், நிக்குதுன்னு எழுதி அனுப்பிட்டேன். கூடவே ஒரு பொட்டலம் வறுத்து, நம்ம ஆளு எப்படிப் பாத்துக்கிட்டான்னு காக்கா தெரிஞ்சுக்கிடட்டும்னு காயல்பட்டணத்துக்குக் குடுத்து விட்டேன்.

அடுத்த நாள் போன் வந்துச்சு. "தம்பி, உடனே வா"ன்னாரு. போனேன். மேஜையில ரெண்டு கோப்பை இருந்துச்சு, ரெண்டுலயும் என் காப்பிதான்.

"காப்பியை எங்கன வச்சிருந்தே?"ன்னு கேட்டாரு.

"பத்திரமாத்தான் காக்கா. முதலாளி ரூம்புல."

"சாமி மாடம் இருக்கே, அந்த ரூம்பா?"

"ஆமா காக்கா."

"சாம்பிராணி போட்டியா?"

அவரு கோப்பையை என் பக்கம் தள்ளி விட்டாரு. அவங்க வீட்டுல காத்து வேற, கடல் காத்து. அங்க உக்காந்து ஒரு கரண்டி உறிஞ்சினதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. பூ இருந்துச்சு, அதுக்கு மேல முழுக்கப் புகை படிஞ்சிருந்துச்சு.

"கை வைக்காதீங்கன்னு எழுதினேனே"ன்னாரு. கோபமே இல்லாம சொன்னாரு. அதுதான் தாங்கல. "இன்னைக்கே வாங்குறவனுக்கு எழுதிப் போடு. தப்பு குடோன்லன்னு எழுது. அந்தப் பொண்ணுக்கும் சொல்லிரு."

கண்டெய்னர் திங்கக்கிழமையே கப்பல் ஏறிட்டு. எழுதலாம்னு உக்காந்தேன். நாற்காலி கிடைச்சு ஒரு மாசம்கூட ஆகலியே, எப்படி எழுதுறதுன்னு நாளைக் கடத்துனேன். அப்படி நான் கடத்திக்கிட்டு இருக்கும்போது வாங்குனவன்கிட்ட இருந்து மெயிலு வந்துச்சு. படிச்சா எனக்கே தலை சுத்துச்சு. மல்லிகை, அதுக்குப் பின்னால பழங்காலக் கோயிலோட தூப வாசம், தேன் கலந்த பிசின், வாழ்நாள்ல இப்படி ஒண்ணை ருசிச்சது இல்லன்னு எழுதியிருக்கான். நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு மார்க்கு. அடுத்த வருஷமும் வேணும், இதே மாதிரியே வேணும், பதப்படுத்துற முறையில ஒரு சின்ன மாத்தமும் கூடாதாம். கோட்டு போட்ட மேதை, அவன்கிட்டயும் அந்த வட்டப்படம் இருந்திருக்கும். செய்யது காக்கா கணக்குல அழுக்கு, அவன் கணக்குல கோயில். முதலாளி ஆபீஸுக்கே அல்வா வாங்கிக் குடுத்தாரு. நானும் தின்னேன்.

காக்கா ஒரு தடவை கேட்டாரு, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியான்னு. சொல்லிட்டேன்னேன். அதுக்கு அப்புறம் அவரு கேக்கவே இல்ல. போன வருஷம் தவறிப் போனாரு, நான் சொல்லிட்டேன்னு நம்பிக்கிட்டேதான் போனாரு.

அடுத்த அறுவடையப்ப தங்கமணி அம்மா போன் பண்ணுனாங்க. எதிர்ல முதலாளி உக்காந்திருந்தாரு.

"சார், அவங்க போன வருஷ வாசமே வேணும்னு எழுதியிருக்காங்க. சந்தனம், பிசின் மாதிரி ஏதோ வாசமாங்க. நான் புதுசா ஒண்ணும் பண்ணலீங்களே. அது எப்படிங்க சார் வந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வக்கு இல்ல. முதலாளி என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "கொஞ்சம் கூட நேரம் ஊறப் போட்டுப் பாருங்கம்மா. டிரம்முல போட்டுக் காத்துப் போகாம மூடி"ன்னேன்.

"எவ்வளவு நேரங்க சார்?"

"மூணு நாளு."

அந்த மூணு நாள் எங்கயிருந்து வந்துச்சு தெரியுமா? வாட்ஸ்அப்புல எவனோ எந்த நாட்டுலயோ அப்படிச் செஞ்சான்னு போட்டிருந்தான். அவ்வளவுதான் என் படிப்பு. செடியைப் பாக்காதவன், தொட்டியைத் தொடாதவன், கையில தேச்சு நறநறன்னு சத்தம் கேட்டு எடுக்கிற பொம்பளைக்கு யோசனை சொன்னேன். ரெண்டாம் நாள் மறுபடியும் கூப்பிட்டாங்க. "சார், மூடியைத் திறந்தா வாசம் சரியில்லீங்க. என் கைக்கு எடுத்துரணும்னு தோணுதுங்க. எடுத்துரட்டுமா?"ன்னாங்க. "பொறுங்கம்மா, அவசரப்படாதீங்க"ன்னேன்.

அந்த வருஷம் ஏழு மூட்டை வந்துச்சு. பிரிச்சதுமே ஜெனிஃபர் என்னைப் பாத்தா. காடி, அழுகின வெங்காயம். அஞ்சு கோப்பையிலயும் அதே. வாங்குறவன் வேண்டாம்னுட்டான். ரிப்போர்ட்டு நான்தான் எழுதுனேன். குறை: அளவுக்கு மீறிப் புளிக்க வைத்தது. பொறுப்பு: விளைவித்தவர். கீழ என் கையெழுத்து. ஜெனிஃபர், நீ அன்னைக்குப் பக்கத்துலதான் நின்னே. இந்த அம்மா போன வருஷம் இவ்வளவு நல்லாப் பண்ணியிருந்தாங்களே சார்னு கேட்டே. சில பேருக்கு ஒரு தடவை குருட்டாம்போக்குல அமையும்னு நான் சொன்னேன்.

செடியைப் புடுங்கிட்டாங்கன்னு லாரி டிரைவர் வந்து சொன்னான். நான் ஆறு வருஷம் அந்த நாற்காலியில இருந்து, மாலை மரியாதையோட ஓய்வு வாங்கினேன். போகும்போது பழைய ஃபைலுல இருந்து ஒரே ஒரு தாளை எடுத்துக்கிட்டேன். திருட்டுதான்.

அந்தக் கடையில ஜெனிஃபர் கையாண்ட ஆளுன்னு சொன்னாளே, அதுக்கு மறு வாரம் மலைக்கு பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்ல. ரோட்டோரம் பூரா பட்டர் ஃப்ரூட் மரம். தங்கமணி அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுச்சு. "வாங்க சார்"னு உக்கார வச்சு காப்பி குடுத்தாங்க. கடையில வாங்கின பொடி, பாதிக்குப் பாதி சிக்கரி. குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னேன். சாமி மாடம், இருபத்தாறு நாள், காக்கா கேட்டது, மூணு நாளுன்னு நான் சொன்னது எங்கயிருந்து வந்துச்சுன்னு, ரிப்போர்ட்டு, ஒண்ணு விடாம சொன்னேன்.

அவங்க என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். "அப்ப என் காப்பியில பூ வாசம் இருக்குன்னு சொன்னீங்களே, அதுவும் உங்க ரூம்பு வாசம்தானாங்க சார்?"னு கேட்டாங்க.

"இல்லம்மா. அது வரும்போதே இருந்துச்சு"ன்னு சொல்லி, சட்டைப் பையில இருந்த தாளை எடுத்துக் குடுத்தேன். பூ. யாரும் கை வைக்காதீங்க. கீழ காக்கா கையெழுத்து. இது எங்க மேலதிகாரி, நான் கூட இருந்த இருபத்திரண்டு வருஷத்துல இந்த வார்த்தையை இதுக்கு மட்டும்தான் எழுதுனாருன்னு சொன்னேன்.

அவங்க ரெண்டு தடவை படிச்சாங்க. "அவரு தெளிவாத்தான எழுதியிருக்காரு"ன்னாங்க. பிறகு, "என்னங்க, இங்க வாங்க, இதைப் படிங்க"ன்னு உள்ள பாத்துக் கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் வந்தாரு. தாளைப் படிச்சாரு. அந்த அம்மாவே நான் சொன்னது எல்லாத்தையும் மறுபடியும் அவருகிட்டச் சொன்னாங்க, ஒரு வார்த்தை கூட்டல குறைக்கல. அவரு என்னைப் பாக்கல.

"உன் பவுசு தெரியாதா, நீ ஊற வச்ச லட்சணம் தெரியாதான்னு ஏழு வருஷமா இவளைப் பேசியிருக்கேன். பிள்ளைங்க முன்னாடி பேசியிருக்கேன், சொந்தக்காரங்க முன்னாடி பேசியிருக்கேன்"னாரு. பிறகு, "ரிப்போர்ட்டுல இவ பேருல எழுதினீங்கள்ல, அதையும் மாத்தி எழுத்துல குடுங்க. நான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்"னாரு.

ஜெனிஃபர், அந்த ரிப்போர்ட்டு கீழ் அலமாரியில பச்சை ஃபைலுல இருக்கும். பொறுப்புங்கிற இடத்துல 'விளைவித்தவர்'னு என் கையெழுத்துல இருக்கு. இந்த ஆறு பேரும் பாக்க அதை அடிச்சுட்டு, சுடலைமுத்துன்னு எழுது. கம்பெனி சீல் வச்சு ஒரு நகலை அந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. அவரு காத்துக்கிட்டு இருக்காரு.